எல்லா அறையிலும் ஒரே பாட்டு

அக்கா, உங்க வீட்டுல பாட்டுப் பெட்டி தானாப் பாடுமா?

இல்ல, சும்மா கேட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினதுலேருந்து நீங்க என் பையையே பார்த்துக்கிட்டு வர்றீங்க, அதான். பச்சையா மினுக்குதே, அது ஸ்பீக்கர். ஒயர் கிடையாது. சொம்பு அளவுதான் இருக்கும். ஆனா ஒரு குடும்பத்தையே ரெண்டாக்கி வச்சிருக்கு. பயப்படாதீங்க, இப்போ பாடாது. பாட்டு இருக்கிற டிஸ்க்கு தனியா கைப்பையில கிடக்கு. ரெண்டும் ஒண்ணு சேர்ந்தாத்தான் வினை.

நான் அரியலூர் போறேன், என் நாத்தனார் வினோதா வீட்டுக்கு. அவளுக்கு ஒன்பதாம் மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே? எங்க வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. என் மாமியார் எங்ககூடத்தான் திருவெறும்பூர்ல இருக்காங்க. ஆனா அவ வரமாட்டேங்கிறா. எல்லாம் இந்தப் பெட்டி செஞ்ச வேலை. அதனாலதான் இதையே தூக்கிட்டுப் போறேன். அவ மாமியார் முன்னாடி வச்சு, 'பாருங்கம்மா, இது தானாப் பாடுது, எங்க மேல தப்பு இல்ல'ன்னு காட்டிட்டு, வினோதாவைக் கையோட கூட்டிட்டு வரணும். வாயால சொன்னா யார் நம்புறா? கண்ணால பார்த்தா நம்பித்தானே ஆகணும்?

ஏன்க்கா அப்படிப் பார்க்கறீங்க? நல்ல யோசனைதானே? இருங்க, முதல்லேருந்து சொல்றேன். அப்போதான் உங்களுக்கு என் பக்கத்து நியாயம் புரியும். இனியா, காலை நீட்டாதடி, பெரியம்மா மேல படுது. என் பொண்ணு. மூணு வயசு. அது தூங்கினா உலகமே அமைதியாயிடும்.

எனக்கு ஊர் உப்பிலியபுரம் பக்கம், பச்சமலை அடிவாரம். என் அண்ணன் நல்லேந்திரன் அங்க மைக்செட் வச்சிருக்கான். சுத்துப்பட்டுல எந்த விசேஷம்னாலும் எங்க வீட்டுக் குழாய்தான் பாடும். நான் படிச்சது ஊர்ப் பள்ளிக்கூடத்துல, பன்னெண்டாவது வரைக்கும். ஆனா சாயங்காலம் ஆனா அண்ணன்கூட மைக்செட் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன். மாப்பிள்ளை இறங்கும்போது எந்தப் பாட்டு, பொண்ணு மணவறைக்கு வரும்போது எந்தப் பாட்டு, பந்தி ஆரம்பிச்சா எந்தப் பாட்டு, எல்லாம் எனக்குத் தலைகீழாத் தெரியும். அண்ணன் சாப்பிடப் போனா நான்தான் ஓட்டுவேன். ஒரு தடவைகூடப் பாட்டு மாறினது கிடையாது. ஏன்னா ஒரு ஆள் பக்கத்துல உட்கார்ந்திருக்கோம், கை குமிழ் மேலயே இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்குக் கல்யாணம் ஆனப்போ அண்ணன் தன்கிட்ட இருந்த பாட்டு மொத்தத்தையும் ஒரு டிஸ்க்குல ஏத்திக் கொடுத்தான். 'பாத்திரம் பண்டம் எல்லாரும் தருவாங்க தமிழு, இதை நான்தான் தரமுடியும்'னான். காசு கொடுத்தாக் கிடைக்கிற பாட்டு மட்டும் இல்லக்கா. எங்க ஊர்க் கிழவிங்க பாடின நலங்குப் பாட்டு, கும்மி, கோயில் உடுக்கைப் பாட்டு, அவன் மைக் போட்ட இடத்துலயே பிடிச்சு வச்சது. எல்லாம் தனித்தனி ஃபோல்டர். கல்யாணம் ஒண்ணு, காதுகுத்து ஒண்ணு, சடங்கு ஒண்ணு, கோயில் ஒண்ணு, கட்சிக் கூட்டம் ஒண்ணு. கடைசியில ஒண்ணு இருக்கும், 'மற்றது'ன்னு பேரு. அது வந்து... சாவு வீட்டுக்குப் போடுறது. ஒப்பாரி. தொழில் பண்ற பெட்டியில அண்ணன் அந்த வார்த்தையை எழுதமாட்டான். 'மற்றது'ன்னா எங்களுக்குத் தெரியும். அது போதுமே?

ஏன் அதை அழிக்கலைன்னு எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் கேட்கிறார். வீட்டுல விளக்குமாறு இருக்கு, அதை சாமி அலமாரியிலயா வைக்கிறோம்? அது இருக்கிற மூலையில இருந்துட்டுப் போகுது. ஃபோல்டர்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? மூலையில வைக்கத்தானே?

எங்க வீட்டுக்காரர் பேரு கதிரவன். வெல்டிங் கம்பெனியில சூப்பர்வைசர். நல்ல மனுசன், ஆனா புதுசா எது வந்தாலும் அவருக்கு வேணும். தீபாவளித் தள்ளுபடியில மூணு ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தார். ஹாலுக்கு ஒண்ணு, படுக்கை அறைக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு. முதல் ரெண்டும் பிளக்குல மாட்டினாத்தான் பாடும். அடுப்படியில வச்சது சார்ஜ் ஏத்திக்கிறது. அதுதான் இது. 'எல்லா ரூமுலயும் ஒரே பாட்டு ஓடும் தமிழு, நீ எங்க நடந்தாலும் பாட்டு கூடவே வரும்'னார். எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்லணும்?

மொதல்ல நெட்டுலேருந்துதான் பாடுச்சு. நான் ஒரு பாட்டு கேட்டா அது ஒரு பாட்டு போடும். பழைய பாட்டு கேட்டா அதே பாட்டை யாரோ புதுசா, டமடமன்னு பாடினதைப் போடும். நடுவுல இன்ஷூரன்ஸ் விளம்பரம். உப்புமா கிண்டிக்கிட்டு இருக்கேன், 'உங்கள் குடும்பத்தின் எதிர்காலம்'னு ஒரு ஆம்பளைக் குரல் முதுகுக்குப் பின்னாடி கேட்டா எப்படி இருக்கும்? கரண்டியே கீழ விழுந்துடுச்சு.

அப்புறம் ப்ளூடூத்துல போட்டோம். அது அதுக்கு மேல. ஃபோன் வந்தா பாட்டு நின்னுடும், பேசுறது பெட்டியில கேட்கும். எனக்கு இது தெரியாது. ஒரு நாள் நான் துணி காயப்போட மாடியில இருக்கேன், ஃபோன் படுக்கை அறையில கிடக்கு. எங்க அம்மா கூப்பிட்டிருக்கு. என் பொண்ணு இந்த வயசுலயே எல்லாப் பட்டனையும் அமுக்குவா, அமுக்கிட்டா. எங்க அம்மா அடுப்படிப் பெட்டியில, 'ஏண்டி தமிழு, உன் மாமியா இன்னும் அந்தப் புளிச்ச மாவையேதான் ஊத்திக் கொடுக்குதா?'ன்னு கேட்டிருக்கு. அத்தை அப்போ தோசைதான் ஊத்திக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்க கோபப்படலைக்கா. ராத்திரி தட்டை வைக்கும்போது, 'இன்னிக்குப் புது மாவு'ன்னு மட்டும் சொன்னாங்க.

அதோட ப்ளூடூத்துக்குக் கும்பிடு போட்டாச்சு. 'என் பாட்டை, என் டிஸ்க்குல இருக்கிற பாட்டை, நான் கேட்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க. முடியுமா முடியாதா?'ன்னு அவர்கிட்ட நின்னேன். முடியும்னார். வைஃபை பெட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு, அதுல டிஸ்க்கைச் சொருகிட்டார். ஃபோன்ல இருக்கிற ஆப்பு அதைத் தேடிக் கண்டுபிடிச்சு, 'லைப்ரரி'ன்னு காட்டுச்சு. சந்தோஷமாத் திறந்து பார்க்கிறேன், ஃபோல்டரைக் காணோம்! அத்தனையும் கலந்து கிடக்கு, சந்தையில மூட்டை பிரிஞ்ச மாதிரி. அண்ணன் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் பாட்டுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர்தான் போட்டிருப்பான். இங்க பார்த்தா எல்லா ஒண்ணும் ஒரே இடத்துல நிக்குது. எது கல்யாண ஒண்ணு, எது கட்சி ஒண்ணுன்னு போட்டுக் கேட்டாத்தான் தெரியும். பாடினவர் பேருன்னு ஒரு இடம். அங்க மொத்தப் பாட்டுக்கும் 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்'. எங்க ஊர்க் கிழவிங்களும் கோயில் பூசாரியும் ஒரே ஆளாம்!

'ஃபோல்டர் எங்க?'ன்னா, 'இது அப்படிப் பார்க்காது தமிழு, இது பாட்டோட விவரத்தைப் பார்க்கும்'னார். விவரம் ஃபோல்டர்லதானே இருக்கு? அதைத் தூக்கிப் போட்டுட்டு என்ன விவரம் பார்க்குது? அதுக்கும் ஒரே பதில்தான் வச்சிருக்கார். 'அப்டேட் வரும்.' மழை வரும்கிற மாதிரி சொல்வார்.

அந்த நேரத்துலதான் வினோதாவுக்கு வளைகாப்பு வந்தது. எங்க பக்கம் வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டுல நடக்கும். இவங்க பக்கம் பொண்ணு வீட்டுலயே வச்சு, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து வளையல் போட்டுட்டு, பொண்ணைப் பிரசவத்துக்கு அப்படியே விட்டுட்டுப் போவாங்க. எங்க ஃப்ளாட்டுலதான். மைக்செட்காரன் தங்கச்சி வீட்டுல விசேஷம், பாட்டு இல்லாம நடக்குமா? நானே பார்த்துக்கறேன்னு சொல்லிட்டேன். முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டு, நலங்குப் பாட்டா பொறுக்கி வரிசையா வச்சேன். கண்ணு பூத்துப் போச்சு. வளையல் போட்டு, ஆரத்தி எடுத்து, பந்தி உட்கார்ற வரைக்கும் தாங்கும்னு கணக்கு.

காலையில எழுந்து குளிச்சு, ஹாலுல மணவறை மாதிரி நாற்காலியெல்லாம் ஜோடிச்சு, ஆப்புல 'எல்லா அறைகளும்'னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினேன். பால்கனியில உட்கார்ற ஆம்பளைங்களுக்கும் கேட்கணும், அடுப்படியில வேலை செய்றவங்களுக்கும் கேட்கணும். நல்ல எண்ணம்தானே?

ஆனா சம்பந்தி வீட்டு வேன் கல்லக்குடிகிட்ட டயர் பஞ்சராகி நின்னுடுச்சு. அவங்க வந்து சேர்றதுக்குள்ள நான் அடுக்கின பாட்டுல பாதிக்கு மேல ஓடிப்போச்சு. எனக்கு அப்போ அது தோணவே இல்ல. தோணுமா? தலைக்கு மேல வேலை. வந்தவங்களை உட்காரவைக்கணும், சந்தனம் குங்குமம் கொடுக்கணும், இந்த இனியா வேற பட்டுப்பாவாடை குத்துதுன்னு அழுவுறா.

நான்தான் முன்னாடி நின்னு ஒவ்வொருத்தரையாப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளையல் போடவச்சேன். குரல் இருக்கே, எதுக்கு இருக்கு? முதல்ல சம்பந்தி அம்மா. அப்புறம் பெரியம்மா, சித்தி, வினோதாவோட ஓரகத்தி. ஒருத்தரைக்கூட விடலைக்கா. எதிர் ஃப்ளாட்டு மலையாளத்து அக்கா எட்டிப் பார்த்துச்சு, அதையும் கூப்பிட்டேன். தண்ணி கேன் போடுற தம்பியோட சம்சாரம் வாசல்ல நின்னுச்சு, 'நீயும் வாம்மா, உன் கை நல்ல கை'ன்னு கூப்பிட்டு உட்காரவச்சேன். ஒருத்தர் மனசு நோகக்கூடாது பாருங்க.

அத்தையா? அத்தை அடுப்படியில இருந்தாங்க. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம்னு கிளறுறதே அவங்களுக்குச் சரியா இருந்தது. மாமா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அதுலேருந்து இந்த மாதிரி நேரத்துல அவங்களே ஒதுங்கிக்குவாங்க, நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அந்த விஷயத்துல அவங்களால எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.

தண்ணி கேன் தம்பி சம்சாரம் வளையல் போட்டு முடிக்குது. நலங்குப் பாட்டு நின்னுச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடிஞ்சா நிக்கணும்தானே? எங்க அண்ணன் பெட்டி நிக்கும். இது நிக்காது. வச்ச பாட்டு தீர்ந்தா, தானா அடுத்ததைத் தேடிப் போடும். அது ஒரு வசதியாம்! யாரு கேட்டா?

ஒரு பொம்பளைக் குரல். மெதுவா, 'ஆராரோ'ங்கிற மாதிரி ஒரு இழுவை. சம்பந்தி அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சு, 'தாலாட்டா? நல்லாத்தான் யோசிச்சிருக்க'ன்னாங்க. எனக்கும் பெருமை தாங்கல, தலையை ஆட்டினேன். அந்தம்மா பாடுது:

பொன்னால தொட்டில் கட்டி
பூவால மெத்தை போட்டு...

இந்தக் குரல் எனக்குத் தெரியும்க்கா. கொப்பம்பட்டி அம்மா. சாவு வீட்டுக்கு அண்ணன் முதல்ல போடுறதே இதுதான். அடுத்த வரி எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மெத்தையில படுத்த ராசா
மேக்கால போனதென்ன
பச்சை மூங்கில் தேர்கட்டிப்
பாதையில விட்டதென்ன...

பால்கனியில ஒருத்தர் எழுந்தே நின்னுட்டார். ஒரு பெரியம்மா காதைப் பொத்திக்கிச்சு. நான் ஃபோனைத் தேடுறேன், ஃபோன் இனியாகிட்ட. அழுகையை நிறுத்தக் கார்ட்டூன் போட்டுக் கொடுத்திருந்தேன், அது கட்டிலுக்கு அடியில போய்ப் பார்த்துக்கிட்டு இருக்கு. ஓடிப்போய் ஹால் பெட்டித் தலையில தட்டினேன். ஹால் நின்னுச்சு. படுக்கை அறையில பாடுது. அங்க ஓடினா, அது பரண் மேல இருக்கு, எட்டல. இவரைக் கூப்பிட்டா மொட்டை மாடியில பந்தி போட்டுக்கிட்டு இருக்கார். ஒப்பாரி வைக்கிற அம்மா மூச்சே விடாம அடுத்த அடிக்குப் போயாச்சு. வேற வழியே தெரியல. வாசல் பக்கம் ஓடி மெயினைப் பிடுங்கிட்டேன்.

ஆமாக்கா. வளைகாப்பு நாற்காலியில பொண்ணு உட்கார்ந்திருக்கா, வீடு முழுக்க விளக்கு அணைஞ்சு போச்சு. திரைச்சீலை எல்லாம் இழுத்துவிட்டிருந்தோம், போட்டோவுக்கு வெளிச்சம் கூசுதுன்னு. கும்மிருட்டு. 'ஐயையோ'ன்னு ஒரு குரல். ஃபேன் நின்னுச்சு, பரண் பெட்டி நின்னுச்சு. அடுப்படிப் பெட்டி மட்டும் நிக்கல. அது சார்ஜுல ஓடுது, வைஃபை பெட்டிக்கும் இவர் ஒரு பேட்டரி மாட்டி வச்சிருக்கார், அப்புறம் என்ன கவலை? அந்த அமைதியில அது ஒண்ணு மட்டும், திரும்பவும் 'பாதையில விட்டதென்ன'ன்னு.

அடுப்படிக்குள்ள விழுந்தடிச்சு ஓடினேன். அத்தை பெட்டி பக்கத்துல தரையில உட்கார்ந்திருக்காங்க. புடவைத் தலைப்பு வாயில. உடம்பு குலுங்குது. மாமா போனப்போகூட இவங்க சத்தம் போட்டு அழுது நான் பார்க்கலை. அன்னைக்குன்னு பார்த்து அழுவுறாங்க, வீடு நிறைய ஆள் இருக்கும்போது. நான் பெட்டியைத் தூக்கப் போறேன், கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. 'இரு தமிழு'ங்கிறாங்க. எதுக்கு இருக்கணும்? வெளிய குடும்ப மானம் போகுது! கையை உருவிட்டுப் பட்டனை அமுக்கினேன். அதுலதான் அவங்களுக்கு என் மேல கோபம்னு நினைக்கறேன், பெரியவங்க சொல்லி நான் கேட்கலைன்னு. அதுலேருந்து என்கிட்ட பேச்சே இல்ல.

விளக்கைப் போட்டுட்டு ஹாலுக்கு வந்தா, சம்பந்தி அம்மா எழுந்து நிக்கிறாங்க. 'நிறை வயிறு இருக்கிற இடத்துல இப்படியா?'ன்னாங்க. நான் பெட்டியைக் காட்டி, ஃபோல்டரைச் சொல்லி, நம்பரைச் சொல்லி, அன்நோன் ஆர்ட்டிஸ்ட்டைச் சொல்லி... யார் காதுல ஏறுது? இவர் மாடியிலேருந்து கரண்டியோட இறங்கி வந்து, 'ரீஸ்டார்ட் பண்ணியா?'ன்னு கேட்டார் பாருங்க, அப்போ வந்துச்சு எனக்கு ஆத்திரம்! சுத்தி மட்டும் ஆள் இல்லைன்னா, அந்தக் கரண்டியையே பிடுங்கி...

வினோதா நாற்காலியிலேருந்து எழுந்தா. முகம் என்னமோ மாதிரி இருந்தது. பயந்துட்டா போலிருக்கு. உள்ள திரும்பி அடுப்படியைப் பார்த்தா. அப்புறம் அவ மாமியாரைப் பார்த்து, 'நான் உங்ககூடவே வர்றேன் அத்தை'ன்னா. அவ்வளவுதான். சாப்பிட்டும் சாப்பிடாமலும் வேன் கிளம்பிடுச்சு. கிளறின சாதம் அப்படியே இருந்தது. ஃப்ளாட்டு முழுக்கக் கொடுத்தும் தீரல.

இப்போ மாசம் நெருங்குது. நான் கூப்பிட்டா ஃபோன் எடுக்கறதில்ல. அவ அண்ணன் போய்ப் பார்த்தார், 'அப்புறம் பார்க்கலாம்'னு சொல்லி அனுப்பிட்டா. பெத்தவ வீட்டுக்குப் பொண்ணு பிரசவத்துக்கு வரலைன்னா அத்தை ஊர்ல தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? எனக்குந்தான் என்ன பேர்? 'அண்ணிக்காரி ஒப்பாரி வச்சு அனுப்பிட்டா'ன்னுதானே சொல்வாங்க?

வீட்டுல அதுக்கு மேல. மத்தியானம் ஆனா அத்தை அடுப்படியில இந்தப் பெட்டி முன்னாடி உட்கார்ந்துக்கறாங்க. ஒரு துணியை எடுத்து அதைத் துடைக்கிறாங்க. எனக்குக் கோபம் வந்தா ரெண்டு போடுவேன் அதுக்கு. இவங்க துடைக்கிறாங்க! சார்ஜ் இருக்கான்னு பச்சை விளக்கைப் பார்க்கிறாங்க. நான் வந்தா எழுந்து போயிடுறாங்க. இது என்ன மாதிரி கோபம்னே எனக்குப் பிடிபடல. இன்னிக்குக் காலையில இதை எடுத்துப் பையில வச்சேன். வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தாங்க. சரி, இப்போவாவது வாயைத் திறப்பாங்கன்னு நின்னேன். என்னைப் பார்க்கல, பையைத்தான் பார்த்தாங்க. உள்ள போயிட்டாங்க.

அதான் ஒரு முடிவோட கிளம்பிட்டேன். இதைக் காட்டி நியாயத்தைப் பேசிட வேண்டியதுதான். பஸ் ஏறினதும் வினோதாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். 'பெட்டியோட வர்றேன், உங்க வைஃபைக்குப் பின்னாடி ஓட்டை இருக்கான்னு பார்த்து வை'ன்னு.

லால்குடி தாண்டிட்டோமா? இருங்கக்கா, ஃபோன். அட, அவதான்! வினோதாதான்!

ஹலோ, சொல்லு வினோதா... ஆமா, பஸ்லதான்... ஆமா, பெட்டியோடதான். உங்க மாமியார்கிட்ட காட்டத்தான்... என்னது? அப்போ யாரு... நீயா? ஏன்டி?... ... ... சரி... சரி, அழாத. இந்த நேரத்துல அழக்கூடாது. வைக்கறேன்.

அக்கா, இதைக் கேளுங்க. அவ மாமியார் தடுக்கவே இல்லையாம். அந்தப் பாட்டு விஷயத்தை அவங்க அன்னைக்கே விட்டுட்டாங்களாம். நேத்துகூட, 'எப்போ கிளம்புற, உங்கம்மா காத்துக்கிட்டு இருப்பாங்களே'ன்னு கேட்டாங்களாம். இவதான் போகமாட்டேன்னு உட்கார்ந்திருக்காளாம். ஏன்டின்னு கேட்டா, 'அண்ணி, என் கை ரெண்டும் நிறைய வளையல் இருக்கு. அதுல எங்க அம்மா போட்டது ஒண்ணுகூட இல்ல'ங்கிறா. 'தண்ணி கேன் போடுற வீட்டு அக்கா வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே, ஒரு தடவை உள்ள திரும்பி "அத்தை"ன்னு கூப்பிட்டீங்களா? எங்க அண்ணன் கூப்பிட்டானா? அப்பா இல்லைன்னா அம்மா எனக்கு அம்மா இல்லைன்னு ஆயிடுமா? அம்மா வந்து என் கையில வளையல் போடட்டும். அப்புறம் எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வர்றேன்'ங்கிறா.

நல்லா இருக்கா நியாயம்? இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சிருப்பேனா? நான் வேணும்னேவா கூப்பிடாம விட்டேன்? வழக்கம்னு ஒண்ணு இருக்கு. யார் வீட்டுல கூப்பிடுறாங்க? நீங்க சொல்லுங்க, உங்க வீட்டுல கூப்பிடுவீங்களா? அவங்களே ஒதுங்கிக்கிறாங்க, நாம எப்படி... எங்க அம்மாவா இருந்தா...

எங்க அம்மாவா இருந்தா, எங்க அண்ணன் மைக்குலயே கூப்பிட்டிருப்பான்.

இது எந்த ஊர்க்கா வருது? புள்ளம்பாடியா? கண்டக்டர் அண்ணே, புள்ளம்பாடி இறக்கம்! ஆமாண்ணே, டிக்கெட் அரியலூருக்குத்தான், தெரியும், பரவாயில்ல, இறக்கி விடுங்க. அக்கா, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தோள்ல சாய்ச்சு விடுங்க, எழுப்பிடாதீங்க. ஒரு நிமிஷம், ஃபோன் பண்ணிக்கிறேன்.

அத்தை? நான்தான், தமிழு. வைக்காதீங்க. நீங்க பேச வேண்டாம், கேட்டுக்கிட்டா போதும்... என்னது? பெட்டியா? இருக்கு அத்தை, என்கிட்டதான் பத்திரமா இருக்கு. இப்போ எதுக்கு அது? நான் சொல்றதைக் கேளுங்க. வினோதா பேசினா. உங்க கையால வளையல் போட்டாத்தான் வருவாளாம்... ஆமா, உங்க கையாலதான்... யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சொன்னா என்னைத் தாண்டி வந்து சொல்லட்டும், என் குரல் உங்களுக்குத் தெரியாதா?... அத்தை, அழாதீங்க, பஸ்ல எல்லாரும் பார்க்கிறாங்க, எனக்கும் வருது. எழுந்து முகத்தைக் கழுவுங்க. கடைத்தெருவுக்குப் போய் நல்ல கண்ணாடி வளையலா, உங்க மனசுக்குப் பிடிச்ச நிறமா, நீங்களே பார்த்து வாங்குங்க. உங்க பிள்ளையை பைக்ல கொண்டாந்து சத்திரத்துல பஸ் ஏத்திவிடச் சொல்லுங்க. நான் புள்ளம்பாடியில இறங்கி ஸ்டாண்டுலயே உட்கார்ந்திருப்பேன். நீங்க வராம நான் அரியலூருக்குப் போகப்போறதில்ல.

கிளம்பி வாங்க, அத்தை.